கடனைப் பார்த்து வாக்குப் போடுவது எப்படி? 2019, 2024 தேர்தல்கள் காட்டும் கணக்கு

வரம்பு:

வணக்கம். சனசமூக நிலையத்தில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் துண்டு எழுத வேண்டியிருக்கிறது. வேட்பாளர்கள் தரும் வாக்குறுதியையும் இலங்கையின் கடனையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் விடயம். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

முதலாவது, 2019 நவம்பர் 16 சனாதிபதித் தேர்தலில் வரிக்குறைப்பு வெளிப்படையாகவே வாக்குறுதியாக இருந்தது. கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதம் எடுத்தார். 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. ஆனால் இரண்டுக்கும் நடுவில், 2020 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில், அதே அணிக்கு 145 ஆசனம் கிடைத்தது. சனம் பார்க்கவில்லையா, பார்க்க வழி இருக்கவில்லையா?

இரண்டாவது, 2024 செப்டம்பர் 21. வரிசைகள் இல்லை, பணவீக்கம் அடங்கிவிட்டது. அதைச் செய்தேன் என்று சொன்ன ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17.27 வீதம்தான். கடன் முக்கியம் என்றால் இது எப்படி?

மூன்றாவது, 'பிறக்கும் பிள்ளையின் தலையிலும் இத்தனை லட்சம் கடன்' என்ற வரியைத் துண்டில் போடலாமா? போடக் கூடாதென்றால் வேறு எந்த எண்ணைப் போடுவது?

கணக்கப்பிள்ளை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். 2023 முடிவில் மத்திய அரசின் கடன் ஏறத்தாழ 28.7 ட்ரில்லியன் ரூபாய். 22 மில்லியன் பேரால் பிரித்தால் தலைக்கு 13 லட்சம் வரும். பயமுறுத்த நல்ல எண். ஆனால் அந்தக் கடனை ஒருவரும் தலைக்கணக்கில் கட்டுவதில்லை. சாமான் வாங்கும்போது வரியாகவும், மின்கட்டணமாகவும், சேமிப்பின் பெறுமதி கரைவதாகவும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் கட்டுகிறார்கள். யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதுதான் அரசியல். தலைக்கணக்கு அதை மூடிவிடும்.

மொத்தத் தொகையும் ஏமாற்றும். 2021 முடிவில் 17.6 ட்ரில்லியன், 2022 முடிவில் 27.5 ட்ரில்லியன். ஒரு வருடத்தில் பத்து ட்ரில்லியன் புதிதாக வாங்கிச் செலவழித்தார்கள் என்று நினைத்தால் பிழை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனதால் பழைய வெளிநாட்டுக் கடனின் ரூபாய்ப் பெறுமதி ஊதியதுதான் அதில் பெரும்பகுதி. அடுத்த வருடம் இதன் மறுபக்கம் நடந்தது. கடன் 27.5இலிருந்து 28.7 ஆகக் கூடியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்ட விகிதமோ இறங்கியது. விலையேற்றம் உற்பத்தியின் ரூபாய்த் தொகையை 24 ட்ரில்லியனிலிருந்து 27.6 ஆக உயர்த்திவிட்டது, அவ்வளவுதான். மேடையில் ஒருவர் 'கடன் கூடிவிட்டது' என்பார், மற்றவர் 'கடன் குறைந்துவிட்டது' என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

துண்டில் ஒரே ஒரு எண் போட இடமிருந்தால் வட்டியை அரச வருமானத்தால் வகுத்துப் போடுங்கள். 2025 பாதீட்டின்படி வருமானம் 4,990 பில்லியன், வட்டி 2,950 பில்லியன். நூறு ரூபாய் வந்தால் 59 ரூபாய் வட்டிக்கு. பாடசாலை, ஆஸ்பத்திரி, சம்பளம், பென்சன், உரமானியம் எல்லாம் மிச்சம் 41 ரூபாயோடு புதுக்கடனையும் சேர்த்துத்தான். 2020, 2021 இரண்டு வருடமும் இந்த எண் 70ஐத் தாண்டியிருந்தது. தேங்காய் விற்பவருக்கும் இது விளங்கும்.

இனி 2019. வழி இருந்தது, ஆனால் பில் வரும் நேரம் பிந்தியது. டிசம்பர் 1 முதல் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 8 வீதம் ஆனது. 2 வீதமாக இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் நிறுத்திவைத்தல் வரியும் (வட்டி போன்ற வருமானத்தைக் கொடுக்கும்போதே பிடிப்பது) போயின. இதெல்லாம் பத்திரிகையில் வந்தது. கவனிக்கப்படாதது வற் பதிவுக்கான எல்லை: வருட விற்பனை 12 மில்லியன் என்றிருந்ததை 300 மில்லியன் ஆக்கினார்கள். வீதத்தைக் குறைத்தால் வருமானம் குறையும், பிறகு கூட்டலாம். எல்லையை உயர்த்தினால் வரி கட்டுபவரே பட்டியலில் இருந்து போய்விடுவார். திரும்பக் கொண்டுவர வருடக்கணக்கு எடுக்கும். பிறகு 80 மில்லியன், 2024 ஜனவரியில் 60 மில்லியன் என்று படிப்படியாகத்தான் இறக்க முடிந்தது.

விளைவு: வற் வருமானம் 2019இல் 444 பில்லியன், 2020இல் 234 பில்லியன். கொரோனாவும் இதற்குள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2020 ஆகஸ்டில் வாக்குப் போட்டவருக்கு இதில் எது வீட்டுக்கு வந்தது? சம்பளத் துண்டில் வரி இல்லை. விலை பெரிதாக ஏறவில்லை. பற்றாக்குறையை மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்கி நிரப்பியது. அதன் கையிலிருந்த உண்டியல் 2019 முடிவில் நூறு பில்லியனுக்கும் குறைவு, 2021 முடிவில் 1,400 பில்லியன் அளவு. அச்சடித்த காசு விலையாக மாறக் காலம் எடுக்கும். டொலரை வேறு 203 ரூபாயில் கட்டி வைத்திருந்தார்கள். பணவீக்கம் 69.8 வீத உச்சத்துக்கு வந்தது 2022 செப்டம்பரில். முடிவு எடுத்து 33 மாதம். அதற்குள் ஒரு தேர்தலே முடிந்துவிட்டது.

ஆகவே 'சனத்துக்குக் கடன் விளங்காது' என்று எழுதாதீர்கள். நன்மை டிசம்பரில் வந்தது, பில் மூன்றாம் வருடம் வந்தது.

மடைதிறப்பான்:

கணக்கப்பிள்ளை சொன்னதில் ஒரு திருத்தம். வரிக்குறைப்பு மட்டும் நாட்டைக் கவிழ்க்கவில்லை, ஏற்கெனவே சாய்ந்து நின்றதைத் தள்ளிவிட்டது. 2007இலிருந்து வெளியிட்டு வந்த சர்வதேசப் பிணைமுறிகள் (வெளிநாட்டு முதலீட்டாளரிடம் டொலரில் கடன் வாங்கும் பத்திரங்கள்) கட்டாமல் விட்ட நேரத்தில் 12.5 பில்லியன் டொலர். இவை அபிவிருத்தி வங்கிக் கடன் போல நீண்டகாலச் சலுகைக் கடன் அல்ல. வட்டி அதிகம், முதல்தொகை முழுவதும் ஒரே நாளில் கட்ட வேண்டும். பொதுவாக ஒன்றைக் கட்ட இன்னொன்றை வெளியிடுவார்கள். வரியை வெட்டியதும் கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் 2020இல் இலங்கையை அடுத்தடுத்து இறக்கின, சந்தைக் கதவு மூடியது. அதற்குப் பிறகு வந்த முதிர்வுகளை எல்லாம் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர், 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் ஏறத்தாழ பாதி சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்றம். அப்படி இருந்தும் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் முறியை முழுதாகக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நேரத்தில். என் கணிப்பில் அந்த ஆட்சியின் மிக மோசமான தனித் தீர்மானம் அது. அது எந்த மேடையிலும் வாக்குறுதியாக வரவில்லை, எந்த வாக்காளரும் அதை எடைபோடவும் இல்லை.

'எல்லாம் சீனக் கடன்' என்ற வரியும் துண்டில் வேண்டாம். சீனாவுக்கு நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் தொண்டையை இறுக்கியது பிணைமுறிதான்.

வரம்பு:

நன்றி. வட்டி எண் கட்டாயம் போகும். ஆனால் 2024 இன்னும் விளங்கவில்லை. பில் வந்து, சனம் வரிசையில் நின்று, கடனைப் பற்றி எல்லோரும் பேசிய பிறகு நடந்த தேர்தல் அது. அதில் சீர்செய்தவர் மூன்றாவதாக வந்தார். கடனை எடைபோட்டார்களா, இல்லையா?

தாமரைக்குளம்:

போட்டார்கள். ஆனால் 'கடன் எவ்வளவு' என்று அல்ல, 'யார் தலையில் ஏற்றினார்கள்' என்று. அந்தக் கணக்கில் ரணிலின் 17 வீதம் ஆச்சரியமே இல்லை.

சீர்செய்த காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வற் 2022 யூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. கடைசிப் படியில் விலக்கு இருந்த பொருட்களையும் உள்ளே எடுத்தார்கள், பெற்றோலும் சமையல் எரிவாயுவும் உட்பட. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 2023 யூலை 1 நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் வங்கிகளின் திறைசேரி முறிகளை (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை) தொடவில்லை, ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை மாற்றினார்கள்: 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். நிதி இணங்காவிட்டால் அதன் வருமானத்துக்கு வரி 14க்குப் பதில் 30 வீதம். தெரிவு என்று பெயர்தான். வங்கிகள் ஏற்கெனவே அடிபட்டவை, அவற்றையும் தொட்டால் வைப்புக்காரர் ஓடிவிடுவார் என்பது அரசின் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆடைத் தொழிற்சாலையில் மாதாமாதம் சேமலாப நிதி பிடிபடும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்றும் பார்க்க வேண்டும்.

பணவீக்கம் அடங்கியது என்பதிலும் ஒரு சூட்சுமம். 2024 ஆகஸ்டில் 0.5 வீதம் என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. ஏறின உயரத்திலேயே நிற்கிறது. சம்பளம் அந்த உயரத்துக்கு வரவில்லை. உலக வங்கிக் கணிப்பில் வறுமை 2019இல் ஒன்பதில் ஒருவர், 2023இல் நான்கில் ஒருவர். பொருளியலாளர் விலை ஏறும் வேகத்தைப் பார்க்கிறார், சனம் விலையைப் பார்க்கிறது.

மற்றது, 2024இல் முன்னணியில் நின்ற எவரும் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தைக் கிழித்தெறிவேன் என்று சொல்லவில்லை. அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் சொன்னது திருத்துவோம், மீளப் பேசுவோம் என்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2019இல் 'வரியே வேண்டாம்' என்பது ஏலப்போட்டி. 2024இல் 'அதே தொகை, வேறு தோள்' என்பது போட்டி. வாக்காளர் கடனை எடைபோட்டதற்கு எனக்கு அதுதான் பெரிய சான்று.

வடக்கில் இன்னொரு அடுக்கு உண்டு. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு. ஒன்றுக்கு லண்டனில் இருந்து காசு வரும், மற்றதுக்கு வராது. டொலர் 200இலிருந்து 360 ஆனபோது முதலாவது வீட்டுக்கு அதே பவுண் கூடுதல் ரூபாய். இரண்டாவது வீட்டுக்கு மாவும் மண்ணெண்ணெயும் மட்டும் ஏறின. 203இல் கட்டி வைத்திருந்த காலத்தில் வெளியில் டொலருக்குக் கூடிய விலை என்பதால் காசு வங்கியை விட்டு உண்டியலுக்கு மாறியது (திறைசேரி உண்டியல் அல்ல, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியல்). வங்கி வழியாக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. நாணயமாற்றுக் கொள்கை பிழைத்தால் சனம் தேர்தல் வரை காத்திருப்பதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். வடக்கு கிழக்கு வாக்கில் பாதீட்டைவிடக் காணியும் அதிகாரப் பகிர்வும் முன்னுக்கு நிற்கும் என்பதும் உண்மை. துண்டில் அதை ஒப்புக்கொண்டே தொடங்குங்கள், இல்லாவிட்டால் வாசிக்க மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை:

தாமரைக்குளம் சொன்ன 'யார் தோள்' என்பதை எண்ணாக்கிக் காட்டலாம். துண்டின் நடுப்பகுதிக்கு இதை எடுங்கள்.

சம்பள வரி விலக்கு எல்லையை மாதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக்குவோம் என்பது 2024இல் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி தந்த வாக்குறுதி. வந்தது 2025 ஏப்ரலில், ஒன்றரை லட்சமாக. வரிப்படிகளும் விரிந்தன. மாதம் 1,50,000 எடுப்பவர் முன்பு கட்டியது 3,500, இப்போது ஒன்றுமில்லை. 2,00,000 எடுப்பவர் 10,500க்குப் பதில் 3,000. 3,00,000 எடுப்பவர் 35,000க்குப் பதில் 18,500. ஒரு லட்சத்துக்குக் கீழே எடுப்பவருக்கு? சதமும் இல்லை. அவர் முன்பும் இந்த வரி கட்டவில்லை, இப்போதும் கட்டவில்லை. அவர் கட்டுவது வற். உணவு, கல்வி, மருத்துவத்தில் வற்றை நீக்குவோம் என்ற வாக்குறுதியில் முதல் பாதீட்டில் நடைமுறைக்கு வந்தது உள்ளூர்ப் பசும்பாலுக்கும் தயிருக்கும். ஒரே விஞ்ஞாபனத்தின் இரண்டு வரி, ஒன்று பாதிக்கு மேல் நிறைவேறியது, மற்றது ஓரத்தில். காரணம் தொகை. 2024இல் வற் வருமானம் ஏறத்தாழ 1,300 பில்லியன். 18 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 70 பில்லியன் சொச்சம். இந்த 70ஐ மனதில் வைத்திருங்கள்.

ஏனென்றால் வாக்குறுதியை அளக்க அதைவிட எளிய படி இல்லை. 'வற்றை 15 ஆக்குவோம்' என்றால் மூன்று புள்ளி, 210 பில்லியன். அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ஆக்கும் திட்டத்துக்கு முதல் வருடச் செலவு 110 பில்லியன், ஒன்றரைப் புள்ளி. அந்தச் செலவு மூன்று கட்டமாக ஏறும், பென்சனையும் இழுக்கும். முதல் வருட எண்ணை மட்டும் சொல்லும் வேட்பாளரிடம் மூன்றாம் வருட எண்ணைக் கேளுங்கள். இங்கேதான் பெரும்பாலும் வழுக்கும். சம்பளம், பென்சன், பதவி நியமனம் மூன்றும் ஒரு தடவை கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாதவை. பாலமும் குளமும் நிறுத்திவைக்கலாம். அதனால் காசு முட்டும்போது வெட்டுவது எப்போதும் பாலத்தையும் குளத்தையும்தான்.

பிறகு 'எங்கிருந்து' என்ற கேள்வி. வழக்கமான பதில்கள் இரண்டு. 'களவை நிறுத்துவோம், திருடியதை மீட்போம்' என்பது ஒன்று. அது ஒரு தடவை வரும் காசு, வந்தால். சம்பள உயர்வோ வருடாவருடம். 'வளர்ச்சி வந்தால் வரி தானாக வரும்' என்பது மற்றது. 2019இலும் இதுதான் சொன்னார்கள்.

மேசைக்கணக்கு இப்படி: 2025 பாதீட்டில் மொத்தச் செலவு 7,190 பில்லியன், வருமானம் 4,990, பற்றாக்குறை 2,200. செலவிலிருந்து வட்டி 2,950ஐக் கழித்தால் 4,240. வருமானத்தோடு ஒப்பிட்டால் 750 பில்லியன் மிச்சம். இதுதான் முதன்மை மீதி, உற்பத்தியில் 2.3 வீதம். நாணய நிதியத்தோடு ஒத்துக்கொண்டதும் அதே 2.3. வாக்குறுதி எதுவானாலும் இந்த 750ஐத் தின்னாமல் இருக்க வேண்டும். தின்றால் நாணய நிதியம் தரும் கடன் தவணை நிற்கும். ஒரு பக்கம் புதுச்செலவு எழுதினால் மறுபக்கம் எந்த வரி, அல்லது எந்த வெட்டு? மறுபக்கம் வெறுமையாக இருக்கும் வாக்குறுதியைத் துண்டில் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள்.

மடைதிறப்பான்:

எண்களை வேட்பாளரிடம் கேட்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டு 3ஆம் இலக்க அரசிறை முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் தேர்தலுக்கு முந்திய பாதீட்டு நிலை அறிக்கை ஒன்றைத் திறைசேரி வெளியிட வேண்டும் என்று வைத்தது. தேர்தல் அறிவித்து மூன்று வாரத்துக்குள். நிதி அமைச்சின் தளத்தில் கிடைக்கும். பிரசாரக் கூட்டத்தில் எவரும் அதைத் தூக்கிப் பிடிப்பதைக் காண முடியாது. வாசித்தால் வாக்குறுதி கொடுக்க வாய் வராது, அதுதான் காரணமாக்கும்.

ஆனால் அதே சட்டத்தை அளவுக்கு மிஞ்சி நம்பவும் வேண்டாம். பற்றாக்குறை உற்பத்தியில் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது, கடன் இன்ன வருடத்துக்குள் இன்ன அளவுக்கு இறங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எட்ட முடியாதபோது சட்டத்தைத் திருத்தி வருடத்தைத் தள்ளினார்கள், மீறியவருக்குத் தண்டனையும் இல்லை. அதற்குப் பதிலாக 2024ஆம் ஆண்டு 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வந்தது. வட்டி நீங்கலான செலவு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2023 மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரடியாகக் காசு அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. 2020இல் பில்லைப் பிற்போட உதவிய கதவு அது. இனி பெரிய வரிக்குறைப்பு செய்தால் பில் 33 மாதம் காத்திருக்காது, திறைசேரி உண்டியல் ஏலத்தில் வட்டியாகச் சில வாரத்தில் தெரியும்.

தாமரைக்குளம்:

13 வீத எல்லை பற்றி ஒரு எதிர்ப்பு. 4,240ஐ 33,000 பில்லியன் உற்பத்தியால் வகுத்துப் பாருங்கள், 12.8 வருகிறது. கூரை ஏற்கெனவே தலையில் இடிக்கிறது. இதன் பொருள், வரியைக் கூடுதலாக வசூலித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாகச் செலவழிக்க முடியாது. பணக்காரரிடம் வரி எடுத்து ஏழைக்குச் செலவழிப்பேன் என்று ஒருவர் நேர்மையாகக் கணக்குக் காட்டினாலும் சட்டம் இடம் தராது. கணக்கப்பிள்ளையின் 'மறுபக்கம் எழுது' சோதனையில் அவர் தேறுவார், சட்டத்தில் தேறமாட்டார். துண்டில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

பணமில்லை என்ற காரணம் வாக்குரிமையையே தொட்டதும் நடந்தது. 2023 மார்ச் 9 என்று குறித்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி காசு விடவில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்த்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6.

கணக்கப்பிள்ளை:

எதிர்ப்பு சரி. எல்லை உற்பத்தியோடு வளரும் என்பது மட்டும் என் பக்கம். உற்பத்தி கூடினால் 13 வீதம் என்பது கூடிய ரூபாய். ஆனால் பங்கு கூடாது, அதில் நீங்கள் சொல்வதுதான்.

வரம்பு, துண்டின் அடியில் இடமிருந்தால் ஒரு நாட்காட்டி போடுங்கள். இருதரப்புக் கடனின் (பிற நாட்டு அரசுகளிடம் வாங்கியது) முதல்தொகையைக் கட்டத் தொடங்குவது 2028. 2024 டிசம்பரில் மாற்றிய பிணைமுறிகளில் ஒரு பகுதி வளர்ச்சியோடு கட்டப்பட்டது: 2025 முதல் 2027 வரை டொலரில் சராசரி உற்பத்தி எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் 2028க்குப் பிறகு கொடுக்க வேண்டியது கூடும், தாழ்ந்தால் குறையும். அடுத்த சனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும், நாடாளுமன்றத் தேர்தல் பிந்தினாலும் 2030 தொடக்கத்துக்குள். அதாவது தவணை தொடங்கி ஒன்றரை வருடத்தில் விஞ்ஞாபனங்கள் அச்சாகும். இரண்டு நிரலாக எழுதுங்கள், இடப்பக்கம் கடன் தவணை, வலப்பக்கம் தேர்தல் திகதி. மற்ற வரிகளை வாசிக்காதவரும் அதைப் பார்ப்பார்.

வரம்பு:

எழுதிக்கொண்டேன். 59 ரூபாய், ஒரு புள்ளிக்கு 70 பில்லியன், 750 மீதி, நாட்காட்டி, 13 வீத எல்லைக்கு ஒரு வரி. தலைக்கு 13 லட்சத்தை வெட்டிவிட்டேன். 'பெற்றோல்' வரும் இடத்தில் வற் 18இன் திகதியையும் சேர்க்கிறேன்.